வண்ணத்துக்கு முன்னால் வெளிச்சம்: மினியேச்சர்களுக்குப் பிரைமரும் பிரீ-ஷேடிங்கும்

மேசை விளையாட்டுகளுக்காக வரும் சின்னப் பொம்மையான மினியேச்சர் ஒன்றைப் புதிதாக டப்பாவிலிருந்து எடுத்து, அதன் மேல் நேரடியாக ஒரு சொட்டு அக்ரிலிக் பெயின்ட் வைத்துப் பாருங்கள். பெயின்ட் பரவாது. சின்னச் சின்ன முத்துகளாகத் திரண்டு நிற்கும். பிரஷ்ஷால் இழுத்தால் மேடான இடங்களை விட்டு விலகி, பள்ளத்தில் போய்த் தேங்கும். மூன்று நான்கு தடவை பூசி எப்படியோ மூடிவிட்டாலும், காய்ந்த பிறகு நகத்தால் சுரண்டினால் தோலாக உரிந்து வரும்.

காரணம் எளிது. மினியேச்சர்களுக்கு நாம் பயன்படுத்தும் பெயின்ட் பெரும்பாலும் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக். பிளாஸ்டிக்கோ தண்ணீரை ஒட்டவிடாது. போதாததற்கு, அச்சிலிருந்து வழவழவென்று வெளிவந்த பரப்பில் பெயின்ட் பற்றிக்கொள்ளச் சொரசொரப்பும் இல்லை. இந்த இரண்டு குறைகளையும் சரிசெய்ய வருவதுதான் பிரைமர். புதுச் சுவருக்கு வண்ணம் அடிப்பதற்கு முன்னால் பெயின்டர் ஒரு வெள்ளைப் பூச்சு அடிப்பாரே, அந்த வேலையேதான். கீழே பரப்பைப் பிடித்துக்கொள்ளும், மேலே வருகிற பெயின்ட்டுக்குப் பிடி கொடுக்கும், எல்லா இடத்தையும் ஒரே நிறமாக்கும்.

ஆனால் சுவர் தட்டை. மினியேச்சருக்கு மூக்கு இருக்கிறது, அங்கியின் மடிப்பு இருக்கிறது, கவசத்தின் விளிம்பு இருக்கிறது. எந்த இடம் வெளிச்சத்தில் நிற்க வேண்டும், எந்த இடம் நிழலில் ஒதுங்க வேண்டும் என்பதை வண்ணத்தைத் தொடுவதற்கு முன்பே முடிவு செய்து, அந்த முடிவை அடிப்பூச்சிலேயே பதித்துவைக்கலாம். இதற்குத்தான் பிரீ-ஷேடிங் என்று பெயர். பிரைமரை வெறும் ஒட்டும் பூச்சாக மட்டும் நினைப்பவர்கள் இந்த வாய்ப்பைத் தவறவிடுகிறார்கள். பிரீ-ஷேடிங்கைக் கேள்விப்பட்டு உற்சாகமாகச் செய்பவர்களில் பலர், அதன் மேல் கெட்டியான பெயின்ட்டைப் பூசி எல்லாவற்றையும் மூடிவிடுகிறார்கள். இரண்டும் ஏன் நடக்கிறது என்று பார்ப்போம்.

பொம்மை எதனால் ஆனது?

பிரைமரைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். வார்ஹேமர் என்ற மேசைப் போர் விளையாட்டுக்காக இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரிலிருந்து கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் வெளியிடும் பொம்மைகள் பெரும்பாலும் கடினமான பாலிஸ்டைரின் பிளாஸ்டிக். சட்டத்தோடு இணைந்த உதிரி உறுப்புகளாக வரும். நாமே வெட்டி ஒட்ட வேண்டும். பிரைமருக்கு இதைவிட ஒத்துழைக்கும் பொருள் கிடையாது. ஸ்ப்ரே கேனில் உள்ள கரைப்பான் பாலிஸ்டைரினின் மேற்பரப்பை மிக மெல்லியதாக இளக்கிக்கொண்டு உள்ளே பிடித்துக்கொள்ளும்.

போர்டு கேம் பெட்டிகளில் வருகிற வளைந்துகொடுக்கும் பொம்மைகள் பி.வி.சி. வகை. இங்கே கொஞ்சம் எச்சரிக்கை தேவை. சில ஸ்ப்ரே பிரைமர்களின் கரைப்பான், பி.வி.சி.யில் மென்மைக்காகச் சேர்த்திருக்கும் பொருளோடு வினைபுரிந்துவிடும். விளைவு, வாரக்கணக்கில் காயவைத்தாலும் கையில் பிசுபிசுவென்று ஒட்டும் பொம்மை. அமெரிக்காவின் ரீப்பர் நிறுவனம் தன் போன்ஸ் வரிசைப் பொம்மைகளுக்குப் பிரைமரே வேண்டாம், சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும் என்கிறது. பூச முடியும் என்பது உண்மைதான். ஆனால் முதல் பூச்சில் தண்ணீர் அதிகம் கலந்தால் அங்கேயும் பெயின்ட் முத்துமுத்தாகத் திரளும். இந்த வகைப் பொம்மைகளுக்கு, தண்ணீர் அடிப்படையிலான பிரைமரை பிரஷ்ஷாலோ, காற்றழுத்தத்தால் பெயின்ட்டை விசிறும் பேனா போன்ற ஏர்பிரஷ்ஷாலோ பூசுவதே பாதுகாப்பு. சந்தேகம் இருந்தால் முதலில் பொம்மையின் பீடத்துக்கு அடியில் ஒரு மூலையில் அடித்துப் பார்த்து, ஒரு நாள் விட்டுத் தொட்டுப் பாருங்கள்.

உலோகப் பொம்மைகளும் ரெசின் பொம்மைகளும் கழுவாமல் பூசவே கூடாதவை. ரெசின் என்பது அச்சில் திரவமாக ஊற்றி இறுகவைக்கும் பிளாஸ்டிக். அதை அச்சிலிருந்து சுலபமாக எடுப்பதற்காக ஒரு வழுக்குப் பொருள் தடவியிருப்பார்கள். அதன் மிச்சம் மேலே இருந்தால் எந்தப் பிரைமரும் நிற்காது. வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், பழைய டூத் பிரஷ், இவ்வளவு போதும். வீட்டு முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் எடுத்த ரெசின் பொம்மை என்றால், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் அலசி, புற ஊதா ஒளியில் முழுமையாக இறுக வைத்த பிறகுதான் பிரைமர். ஒட்டுகிற நிலையில் இருப்பதன் மேல் எதையும் பூசாதீர்கள்.

அப்புறம் பிரைமர் ஏற்கெனவே பூசியே வருகிற பொம்மைகளும் உண்டு. விஸ்கிட்ஸ் நிறுவனம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்காக வெளியிடும் வரிசையில், ஸ்பெயினின் வயெஹோ நிறுவனத்துப் பிரைமரைப் பூசியே விற்கிறார்கள். உறையைப் பிரித்ததும் பெயின்ட் தொடங்கலாம் என்பது அவர்கள் சொல்லும் வசதி. ஆனால் அது ஒரே சாம்பல் நிறம். வெளிச்சமும் நிழலும் அதில் இல்லை. அதை நாம்தான் சேர்க்க வேண்டும்.

ஸ்ப்ரே கேனைக் கையில் எடுத்தால்

பிரைமர் பூச மூன்று வழிகள். ஸ்ப்ரே கேன் வேகமானது, ஒரே நாளில் ஒரு படையையே முடிக்கலாம். ஏர்பிரஷ் துல்லியமானது, ஆனால் கம்ப்ரெஸர், சுத்தம் செய்யும் வேலை என்று செலவும் நேரமும் கேட்கும். பிரஷ் மலிவானது, மழை வெயில் எதுவும் பாதிக்காது, ஒன்றிரண்டு பொம்மைகளுக்கு அதுவே போதும். பிரஷ்ஷால் பூசும்போது ஒரு விதிதான்: பூசிய இடம் பாதி காய்ந்திருக்கும்போது திரும்ப அங்கே போகாதீர்கள். படலம் கிழிந்து திட்டாகிவிடும். காயவிட்டு இரண்டாவது மெல்லிய பூச்சு போடுங்கள்.

ஸ்ப்ரே கேனில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கேனை இரண்டு நிமிடமாவது நன்றாகக் குலுக்குங்கள். உள்ளே உருளும் குண்டின் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகுதான் கணக்கு. நிறம் தரும் தூளான நிறமி அடியில் தங்கியிருந்தால் முதலில் வெறும் கரைப்பான் வரும், கடைசியில் கட்டி வரும். பொம்மையிலிருந்து 20 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். ஸ்ப்ரேயைப் பொம்மைக்கு ஒரு பக்கம் வெளியே தொடங்கி, பொம்மையைக் கடந்துபோய், மறுபக்கம் வெளியே நிறுத்துங்கள். பொத்தானை அழுத்தும் நொடியிலும் விடும் நொடியிலும்தான் பெரிய துளிகள் தெறிக்கும். அவை பொம்மையின் முகத்தில் விழக் கூடாது. ஒரே மூச்சில் மூடிவிட நினைக்காதீர்கள். முதல் சுற்றுக்குப் பிறகு பிளாஸ்டிக் அங்கங்கே தெரிந்தால் அதுதான் சரியான அளவு. பத்து நிமிடம் விட்டு அடுத்த சுற்று.

பொம்மை சொரசொரவென்று மணல் தூவியதுபோல் வந்தால், பெயின்ட் துளிகள் காற்றிலேயே காய்ந்து தூளாகி வந்து ஒட்டியிருக்கின்றன என்று பொருள். தூரம் அதிகம், அல்லது வெயில் அதிகம். சென்னையிலோ மதுரையிலோ மே மாத மத்தியானம் மொட்டைமாடியில் நின்று அடித்தால் இப்படித்தான் ஆகும். அதிகாலையில் அடியுங்கள், கொஞ்சம் கிட்டே பிடியுங்கள். இதற்கு நேர் எதிரான கோளாறு மழைக்காலத்தில் வரும். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு சட்டென்று குளிர்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து, கறுப்புப் பிரைமர்கூட வெளிறிப் புகை படிந்தாற்போல் ஆகிவிடும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் கடலோர ஊர்க்காரர்கள் ஸ்ப்ரே கேனை ஓரமாக வைத்துவிட்டு பிரஷ்ஷுக்குப் போவது புத்திசாலித்தனம். கேனின் மேலேயே எழுதியிருக்கும் இன்னொன்று: 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும் இடத்தில் வைக்கக் கூடாது. மூடிய காருக்குள் வெயிலில் விட்டுப் போகாதீர்கள்.

மூச்சுப் பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். துணி முகக்கவசமும் சாதாரண என்95-உம் தூளைத் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரைப்பான் ஸ்ப்ரேக்குக் கரிம ஆவியை உறிஞ்சும் வடிகட்டி வைத்த முகக்கவசம் வேண்டும், கூடவே திறந்த வெளியும் வேண்டும். பால்கனியில் அடிப்பதானால் பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காய்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பிரைமரும் தொட்டால் ஒட்டவில்லை என்பதாலேயே காய்ந்துவிட்டதாக ஆகாது. ஸ்ப்ரே வகை அரை மணி நேரத்தில் தொடும் நிலைக்கு வந்துவிடும். ஏர்பிரஷ்ஷில் பிரபலமான பாலியூரிதேன் பிரைமர்கள் முழுமையாக இறுக ஒரு நாள் ஆகும். அதற்கு முன்னால் நகம் பட்டால் ரப்பர் படலம் மாதிரி இழுத்துக்கொண்டு வந்துவிடும். இந்தப் பிரைமர் சரியில்லை என்று திட்டுபவர்களில் பாதிப் பேர் அந்த ஒரு நாளைக் கொடுக்காதவர்கள் என்பது என் கணிப்பு.

கறுப்பா, வெள்ளையா, சாம்பலா?

கடையில் முதலில் எழும் கேள்வி இதுதான். பொதுவாகச் சொல்லும் பதில்: கறுப்பு அடித்தால் பிரஷ் எட்டாத இடுக்குகள் தானாகவே நிழலாகத் தெரியும், தவறு மறையும், வெள்ளை அடித்தால் மஞ்சளும் சிவப்பும் பளிச்சென்று வரும், சாம்பல் நடுவில் நிற்கும், செதுக்கிய நுணுக்கங்களைக் கண்ணுக்குக் காட்டும். பதில் சரிதான். ஆனால் அது ஏன் அப்படி என்று தெரிந்தால்தான் பிரீ-ஷேடிங் புரியும்.

பெயின்ட் படலம் முழு மறைப்பு கிடையாது. ஒளி அதற்குள் கொஞ்ச தூரம் போகிறது, நிறமித் துகள்களில் மோதிச் சிதறுகிறது, மிச்சம் அடியில் இருக்கும் பூச்சைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறது. எவ்வளவு சிதறும் என்பது நிறமியைப் பொறுத்தது. வெள்ளை பெயின்ட்டில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2.7. அதைச் சுற்றியிருக்கும் அக்ரிலிக்குக்கு ஏறத்தாழ 1.5. இவ்வளவு பெரிய வித்தியாசம் இருப்பதால் ஒளி மேலேயே சிதறித் திரும்பிவிடுகிறது. அடியில் என்ன இருந்தாலும் மறைந்துபோகிறது. பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு நிறங்களுக்குப் பயன்படும் கரிம நிறமிகள் பலவற்றுக்கு அந்த மறைக்கும் வலு இல்லை. அவை வண்ணக் கண்ணாடிபோல ஒளியை உள்ளே விடுகின்றன. அடியில் வெள்ளை இருந்தால் ஒளி திரும்பி வந்து நிறம் ஜொலிக்கும். அடியில் கறுப்பு இருந்தால் ஒளி அங்கேயே முடிந்துபோகும். ஐந்து தடவை மஞ்சள் பூசினாலும் சேறுபோல மந்தமாகத்தான் நிற்கும்.

அப்படியானால், ஒரே பொம்மையில் மேல் பக்கம் வெள்ளையாகவும் கீழ்ப் பக்கம் கறுப்பாகவும் அடியில் இருந்தால்? அதே ஒரு சிவப்பைச் சீராகப் பூசினாலும் தோளில் கனல்போலவும், அங்கியின் மடிப்புக்குள் ஆழ்ந்த அரக்காகவும் தெரியும். நீங்கள் மூன்று சிவப்புகள் கலக்கவில்லை. அடிப்பூச்சு அந்த வேலையைச் செய்துவிட்டது. பிரீ-ஷேடிங்கின் முழுத் தத்துவமும் இவ்வளவுதான்.

சின்னப் பொம்மைக்கு நிழல் ஏன் வரைய வேண்டும்?

நல்ல கேள்வி. பொம்மை முப்பரிமாணமாகத்தானே இருக்கிறது, அறை விளக்கில் தானே நிழல் விழாதா? விழும், ஆனால் போதாது. 28 மி.மீ. உயரப் பொம்மை நிஜ மனிதரைவிட ஏறத்தாழ 60 மடங்கு சிறியது. விளையாட்டு மேசையில் 60 செ.மீ. தள்ளி அதைப் பார்ப்பது, ஒரு ஆளை 36 மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். தவிர, அங்கி மடிப்பின் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. நாலா பக்கமும் சுவரில் பட்டுச் சிதறி வரும் அறை வெளிச்சம் அந்தப் பள்ளத்துக்குள் சுலபமாகப் புகுந்துவிடும். அதனால் ஒரே நிறத்தில் சீராகப் பூசிய பொம்மை, எவ்வளவு நேர்த்தியாகச் செதுக்கியிருந்தாலும், தூரத்தில் ஒரு வண்ணப் பொட்டாகத் தெரிகிறது. இயற்கையாக விழும் நிழலை மிகைப்படுத்திக் காட்ட வேண்டியிருக்கிறது.

எந்தத் திசையிலிருந்து வெளிச்சம் வருவதாக வைத்துக்கொள்வது? நம் கண் பழகியது தலைக்கு மேலே இருக்கும் சூரியனுக்கு. அதனால் பெரும்பாலோர் உச்சியிலிருந்தே தொடங்குகிறார்கள். இந்த முறைக்கு ஜெனித்தல் என்று பெயர். கையில் தடியும் தோளில் அகலமான அங்கியுமாக நிற்கும் ஒரு மந்திரவாதிப் பொம்மையை எடுத்துக்கொள்வோம்.

முதலில் கறுப்புப் பிரைமர், எல்லாப் பக்கமும். குறிப்பாகக் கீழேயிருந்து: தாடையின் அடி, அக்குள், அங்கியின் உள்பக்கம். இங்கே பிளாஸ்டிக் தெரியாமல் மூட வேண்டும், ஏனென்றால் இனி வரும் பூச்சுகள் அங்கே எட்டாது, எட்டவும் கூடாது. காய்ந்ததும் நடுத்தரச் சாம்பல். பொம்மைக்கு மேலே சாய்வாக, கிட்டத்தட்ட 45 டிகிரியில் கேனைப் பிடித்து, பொம்மையைச் சுற்றிச் சுற்றி வாருங்கள். முகத்தின் முன்பகுதி, மார்பு, தோள், மடிப்புகளின் மேல்முனைகள் சாம்பலாகும். பள்ளங்கள் கறுப்பாகவே நிற்கும். கடைசியாக வெள்ளை, நேர் உச்சியிலிருந்து, ஒன்றிரண்டு சின்ன விசிறல் மட்டும். தொப்பியின் முனை, நெற்றி, மூக்கு, தோளின் மேல்பகுதி, தடியைப் பிடித்த விரல்களின் முட்டி, இவை மட்டும் வெளுக்கும்.

இப்போது பொம்மையைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த புகைப்படமாகப் பாருங்கள். முகம் எங்கே என்று ஒரு கை தூரத்திலிருந்து தெரிகிறதா? தெரியாவிட்டால் வெள்ளை போதவில்லை. தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், முழுக்கக் கறுப்பாகத் தெரிய வேண்டும். சாம்பல் பரவியிருந்தால் கேனை அதிகம் தாழ்த்திவிட்டீர்கள். இந்தக் கட்டத்தில் நான் எல்லோருக்கும் சொல்வது, நாலா பக்கமும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்பதே. பின்னால் வண்ணம் பூசும்போது எங்கே வெளிச்சம் விழுந்தது என்று தேட வேண்டி வரும்.

கேனில் வரும் வெள்ளையில் ஒரு சிக்கல் உண்டு. அது புள்ளிபுள்ளியாக விழும். மேலே பூசப்போவது ஒளி ஊடுருவும் வண்ணம் என்பதால், அந்தப் புள்ளிகள் முகத்தில் தேமல்போல அப்படியே தெரியும். ஏர்பிரஷ் இருந்தால் வெள்ளை அக்ரிலிக் மையைப் போட்டு அடியுங்கள். அதன் நிறமி மிக நுண்ணியது, புகைபோல மெதுவாகப் படியும். ஏர்பிரஷ் இல்லையென்றால் தூய வெள்ளைக்குப் பதில் தந்த நிறம் அல்லது வெளிர் சாம்பல் கேன் வாங்குங்கள். புள்ளிகள் இருந்தாலும் கண்ணை உறுத்தாது.

கேனும் வேண்டாம், ஏர்பிரஷ்ஷும் வேண்டாம் என்பவர்களுக்கு டிரை பிரஷ் இருக்கிறது. கறுப்பு அடித்த பொம்மை மேல், ஏறக்குறைய காய்ந்த பிரஷ்ஷால் சாம்பலையும் பிறகு வெள்ளையையும் தேய்ப்பது. முகப்பூச்சுக்குப் பயன்படும் பஞ்சு மாதிரியான உருண்டை பிரஷ் இதற்கு அருமை. அழகுசாதனக் கடையில் மலிவாகக் கிடைக்கும். இதன் மேல் ஒளி ஊடுருவும் வண்ணம் பூசி முடிக்கும் முறையை ஸ்லாப்சாப் என்று பொழுதுபோக்குக்காரர்கள் அழைக்கிறார்கள், சில ஆண்டுகளாகப் பெரிய மோகம்.

ஆனால் டிரை பிரஷ்ஷும் ஸ்ப்ரேயும் ஒரே விஷயத்தைச் செய்வதில்லை. ஸ்ப்ரேக்குத் திசை தெரியும். உச்சியிலிருந்து வந்தால் மேலே பார்க்கும் பரப்பில் மட்டும் படியும். டிரை பிரஷ்ஷுக்கு மேடு மட்டுமே தெரியும். தாடையின் கீழ் விளிம்பானாலும் சரி, பூட்ஸின் அடி விளிம்பானாலும் சரி, துருத்திக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் வெளுத்துவிடும். அதனால் ரோமம், செதில், சங்கிலிக் கவசம் போன்ற நெருக்கமான மேடு பள்ளம் உள்ள இடங்களில் டிரை பிரஷ் அற்புதமாகத் தெரியும். வழவழப்பான பெரிய கவசத் தகட்டில் கீறலாகத்தான் தெரியும். திசை வேண்டுமென்றால் பிரஷ்ஷை மேலிருந்து கீழாக மட்டும் இழுங்கள். கீழிருந்து மேலே ஒருபோதும் போகாதீர்கள். இரண்டையும் கலப்பதுதான் எனக்குப் பிடித்தது: முதலில் ஸ்ப்ரேயில் பொதுவான வெளிச்சம், பிறகு தாடி, ரோமம் போன்ற இடங்களில் மட்டும் டிரை பிரஷ்.

விமானம், டாங்கி மாதிரிகள் செய்பவர்களிடம் பிரீ-ஷேடிங் என்று சொன்னால் அவர்கள் வேறொன்றை நினைப்பார்கள். விமானத்தின் தகடுகள் சேரும் கோடுகளின் மேல் ஏர்பிரஷ்ஷால் கறுப்புக் கோடு இழுத்து, அதன் மேல் உருமறைப்பு நிறத்தை மெல்லியதாகப் படியவைப்பார்கள். கோடுகள் லேசாகத் தெரியும், தகடுகள் தனித்தனியாகப் பழையதுபோலத் தோன்றும். இயற்பியல் அதேதான், நோக்கம் வேறு. அங்கே வெளிச்சத்தின் திசைக்கு வேலையில்லை.

மேலே எதைப் பூசுவது?

இங்கேதான் பலருடைய உழைப்பு வீணாகிறது. அழகாக ஜெனித்தல் அடித்துவிட்டு, சாதாரண அடிப்படை வண்ணத்தை எடுத்து இரண்டு பூச்சு போட்டால் கறுப்பும் போச்சு, வெள்ளையும் போச்சு. அந்த வண்ணங்கள் மறைப்பதற்காகவே தயாரானவை. பிரீ-ஷேடிங் உயிரோடு இருக்க வேண்டுமானால் மேலே வருவது ஒளியை உள்ளே விட வேண்டும்.

கேம்ஸ் ஒர்க்‌ஷாப் 2019-இல் கான்ட்ராஸ்ட் என்ற வண்ண வரிசையை வெளியிட்டது. நிறமி தீவிரமாகவும், அதைத் தாங்கும் திரவமான ஊடகம் தெளிவாகவும் இருக்கும். மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். கூடவே விரெய்த்போன் என்ற தந்த நிறத்திலும் கிரே சீர் என்ற வெளிர் சாம்பலிலும் இரண்டு ஸ்ப்ரே பிரைமர்கள் வந்தன. சீரான வெளிர் அடிப்பூச்சு மேல் பூசுவதுதான் அந்த நிறுவனம் சொன்ன வழி. ஜெனித்தலோடு சேர்த்தால் இன்னும் ஆழமாக வரும் என்பதைப் பொழுதுபோக்குக்காரர்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். இப்போது ஆர்மி பெயின்டரின் ஸ்பீட்பெயின்ட், வயெஹோவின் எக்ஸ்பிரஸ் கலர் என்று மற்றவர்களும் இதே வகையைத் தருகிறார்கள். இவை எதுவும் கிடைக்காவிட்டால், கையில் இருக்கும் சாதாரண வண்ணத்தில் தெளிவான அக்ரிலிக் ஊடகத்தைச் சேர்த்து நீர்க்கச் செய்தாலும் வேலை நடக்கும். வெறும் தண்ணீரை அதிகம் சேர்த்தால் நிறமி திட்டுத்திட்டாகப் படியும். ஊடகம் சேர்த்தால் அந்தத் தொல்லை குறைவு. வெள்ளை கலந்த வெளிர் நிறங்களைத் தவிருங்கள். இளநீலம், இளஞ்சிவப்பு போன்றவற்றில் டைட்டானியம் வெள்ளை இருக்கும். நீர்த்தாலும் மேலே பால் படர்ந்ததுபோலத்தான் ஆகும்.

இன்னொன்று. ஒளி ஊடுருவும் வண்ணம் எதையும் வெளுக்க வைக்காது, இருப்பதைக் கருமையாக்க மட்டுமே செய்யும். வெள்ளை மேல் நீலம் பூசினால் நீலம். சாம்பல் மேல் பூசினால் கருநீலம். கறுப்பு மேல் பூசினால் கறுப்பு. எனவே அடிப்பூச்சு கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தால், முடிந்த பொம்மை இருட்டாக இருக்கும். அடிப்பூச்சில் கொஞ்சம் மிகையான வெளிச்சம் வேண்டும். புதியவர்கள் கறுப்பை அதிகம் விட்டுவைப்பதைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன். பாதிப் பொம்மை கறுப்பாக இருந்தால் அதை வண்ணத்தால் மீட்கவே முடியாது.

எல்லா நிறத்துக்கும் கறுப்பு நிழல் பொருந்தாது என்பதும் சீக்கிரம் தெரியவரும். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் உள்ள சாம்பல் மேல் மஞ்சளை மெல்லியதாகப் பூசினால் பச்சை கலந்தாற்போல் தெரியும். தோல் நிறம் பூசினால் நோயாளியின் சாம்பல் முகம் வந்துவிடும். பேய்க்கும் பிணத்துக்கும் அது நல்லதுதான். உயிருள்ள ஆட்களுக்குக் கறுப்புக்குப் பதில் அடர் பழுப்பிலும் வெள்ளைக்குப் பதில் தந்த நிறத்திலும் ஜெனித்தல் அடித்துப் பாருங்கள். சிவப்பு, மஞ்சள், தோல் எல்லாமே சூடாக நிற்கும். குளிர்ந்த நிலவொளிக் காட்சிக்கு அடர் ஊதாவும் வெளிர் நீலமும்.

அடியில் வேண்டுமென்றே வேறு நிறம் வைப்பது பழைய வழக்கம். 14-ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர்கள் முட்டைக் கருவில் குழைத்த வண்ணத்தில் பலகை ஓவியம் தீட்டியபோது, முகத்துக்கு முதலில் பச்சை மண் நிறத்தைப் பூசினார்கள். அதன் மேல் மெல்லிய இளஞ்சிவப்புக் கோடுகள். பச்சையும் சிவப்பும் எதிர் நிறங்கள் என்பதால் கன்னத்தின் சிவப்பு உயிரோடு தெரியும், நிழல் தானாகவே குளிர்ந்து நிற்கும். நூற்றாண்டுகள் கடந்து மேல் பூச்சு தேய்ந்துபோன பலகைகளில் இன்று அந்த மரியன்னைகளின் முகங்கள் பச்சையாகவே தெரிகின்றன. மினியேச்சரில் தோலுக்கு அடியில் ஆலிவ் பச்சையோ ஊதாவோ வைக்கிறவர்கள் செய்வதும் இதையேதான்.

போட்டிகளுக்குப் பூசுகிறவர்களில் பலர் அடிப்பூச்சை மேலே தெரியவிடுவதே இல்லை. கெட்டியான வண்ணங்களில்தான் முழுப் பொம்மையையும் முடிப்பார்கள். இருந்தும் ஜெனித்தல் அடிக்கிறார்கள், எங்கே வெளிச்சம் விழுகிறது என்பதற்கான வரைபடமாக. அப்படியும் பயன்படுத்தலாம், தவறில்லை. ஐம்பது வீரர்கள் கொண்ட படையை அடுத்த மாத விளையாட்டுக்குள் முடிக்க வேண்டியவருக்கு மட்டும் அந்த ஆடம்பரம் கட்டுப்படியாகாது. அவருக்கு அடிப்பூச்சு மேலே தெரிந்தே ஆக வேண்டும்.

உலோக நிறங்களுக்கு இது எதுவும் பொருந்தாது. வெள்ளி, தங்க வண்ணங்களில் இருப்பவை ஒளியைத் திருப்பியடிக்கும் நுண் தகடுகள். அவை அடியில் உள்ளதைப் பெரும்பாலும் மூடிவிடும். வாள், கவசம், தடியின் பூண் போன்ற இடங்களை ஜெனித்தலுக்குப் பிறகு பிரஷ்ஷால் மறுபடி கறுப்பாக்கிவிடுங்கள், அதன் மேல் உலோக நிறம். அப்போதுதான் விளிம்பில் விட்டுப்போன இடங்களும் நிழலாகத் தெரியும். அந்தக் கறுப்பை அங்கியின் வெள்ளை மேல் சிந்திவிட்டால், காய்வதற்குள் ஈர பிரஷ்ஷால் ஒற்றி எடுத்துவிடுங்கள். காய்ந்துவிட்டால் அந்த இடத்தில் மட்டும் வெளிர் சாம்பலை மெல்லியதாக வைத்து மூடிவிட்டு, அப்புறம் வண்ணத்துக்குப் போகலாம்.